துருவுக்கு நாற்பது மதிப்பெண்

சக்கரத்தைக் கண்டுபிடித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்கு அதைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மொத்தம் பதினொரு பேர். "மலைவழிப் பழஞ்சைக்கிள் பாரம்பரியப் பேரவை" என்பது எங்கள் அமைப்பின் பெயர். அதன் செயலாளர் அடியேன். பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளராகவும் இருக்கிறேன். அது வயிற்றுப் பிழைப்பு. நான் பிறந்தது பேரவைக்காக.

எங்கள் தலைவர் பல் டாக்டர். பேரவையின் தலைமை அலுவலகம் அவருடைய மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இயங்குகிறது. செயற்குழு கூட ஒன்பது பேர் வேண்டும் என்பது விதி. வழக்கமாக ஐந்து பேர்தான் வருவோம். மீதி நான்கு பேருக்குக் கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். அவர்களால் வாயைத் திறக்க முடியாது. அதனால் இதுவரை எங்கள் தீர்மானங்கள் அத்தனையும் ஒருமனதாக நிறைவேறியிருக்கின்றன. இப்படிப்பட்ட ஜனநாயகம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

எங்களுக்கு ஓர் "ஆய்வாளர்" இருக்கிறார். தொழில் மூக்குக் கண்ணாடி விற்பது. ஒரு பூதக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். பழமை என்றால் என்ன என்ற மாபெரும் கேள்வி ஒருமுறை கூட்டத்தில் எழுந்தது. இரண்டு மணி நேரம் விவாதித்தோம். இரண்டு நோயாளிகள் தங்கள் பல்லைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் ஆய்வாளர் எழுந்து ஒரே சொல்லில் முடித்துவைத்தார்.

"துரு."

அடேயப்பா! என்ன தெளிவு! அன்றிலிருந்து துருதான் எங்கள் அளவுகோல். எங்கள் உறுப்பினர் யாரும் வண்டிக்கு எண்ணெய் போடுவதில்லை. போட்டால் துரு போய்விடும். ஓட்டுவதும் இல்லை. ஓட்டினால் தேய்ந்துவிடும். என் வண்டியைக் கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கிகள் அடித்து மாட்டியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பூவாளியால் தண்ணீர் தெளிப்பேன்.

"செடிக்கு ஊத்துற தண்ணிய இரும்புக்கு ஊத்துற ஒரே மனுஷன் நீங்கதாங்க" என்பாள் என் மனைவி. அவள் ஈரத் துண்டுகளை அதன் ஹேண்டில்பாரில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாரம்பரியச் சின்னத்தை அவமதிக்கிறாய் என்று பெரிய சண்டை போட்டேன். பிறகு ஆய்வாளரைக் கேட்டதில், ஈரத் துண்டு துருவுக்கு மிகவும் நல்லது என்றார். தாராளமாகப் போடு என்று அவளிடம் சொன்னேன். அன்றோடு போடுவதை நிறுத்திவிட்டாள். அவள் சுபாவம் அப்படி.

இந்த ஆண்டு நாங்கள் "மாபெரும் மலையேற்றம்" ஒன்றை அறிவித்தோம். பதினான்கு கிலோமீட்டர். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பது வயதுக்குக் குறையாத சைக்கிள்களுக்கு மட்டுமே அனுமதி. விதிப்புத்தகம் முப்பத்தாறு பக்கம், எழுதியது நான். முதல் பரிசு ஒரு பேட்டரி ஸ்கூட்டர். ஸ்கூட்டர் கடைக்காரர் ஒருவர், தலைவரிடம் பல் கட்டிக்கொண்ட மகிழ்ச்சியில், இனாமாகக் கொடுத்தது. பழைய சைக்கிளைப் போற்றும் விழாவுக்குப் புது ஸ்கூட்டர் பரிசா என்று மனைவி கேட்டாள். பழமையைப் போற்றுபவன் எதில் ஏறி வீட்டுக்குப் போவான் என்று திருப்பிக் கேட்டேன்.

பெயர் பதிவு நடந்த அன்று காலையில் தபால்காரம்மா மருத்துவமனைக்குக் கடிதம் கொண்டுவந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. காக்கிச் சீருடை, தோளில் பை. சைக்கிளை வாசல் தூணில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து மெல்ல ஏறி வந்தார். அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யார் வண்டி அது?"

"தபால் ஆபீஸ் வண்டி சார். நான்தான் ஓட்டுறேன். வழில நிக்குதா? இதோ நகத்திடுறேன்."

"தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஆய்வாளர் வாசலுக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். மண்டியிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். சீட்டுக்கு அடியில் பொறித்திருந்த எண்ணை மூன்று முறை படித்தார். பிறகு நடுங்கும் குரலில் சொன்னார்: "தலைவரே, அறுபத்தெட்டு வயசு!"

உள்ளேயிருந்த நோயாளிகள் எல்லோரும் தபால்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வண்டிக்குங்க" என்று நான் விளக்க வேண்டியதாயிற்று.

"பின் மட்கார்டப் பாருங்க தலைவரே!" என்றார் ஆய்வாளர். " என்ன துரு! மேல மஞ்சள், நடுவுல செம்மண், அடில கருப்பு. மூணு அடுக்கு! நம்ம யார் வண்டிலயாவது மூணு அடுக்கு இருக்கா?"

தலைவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அவருடைய வண்டியில் இரண்டு அடுக்குதான். தபால்காரம்மாவின் முகமோ சுத்தமாக வாடிவிட்டது.

"மழைல நனையுதுல்ல சார். தொடச்சு வைக்கணும்னுதான் நெனைப்பேன். நேரமே கிடைக்கறதில்ல. எனக்கு முன்னாடி இருந்தவரும் இதத்தான் ஓட்டினாரு. அவருக்கு முன்னாடி இருந்தவரும்."

"அதெல்லாம் பரவால்லம்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, மலையேற்றத்தைப் பற்றி எடுத்துரைத்தேன். மலை என்றதும் அவர் சிரித்தார். வாரத்தில் மூன்று நாள் அதே சாலையில்தான் மேல்குடியிருப்புக்குத் தபால் கொண்டுபோகிறாராம். பரிசு என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நெஜமாவா சார்? ஸ்கூட்டரா? கைல குடுத்துடுவீங்களா?"

"பேரவை சொன்னா சொன்னதுதாம்மா."

அவர் பையைக் கீழே வைத்தார். "சார், எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. இனிமே மிதிக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. மலைச் சுத்து போக முடியலன்னா இந்த வேலைல வெச்சுக்க மாட்டாங்க. ஆபீசுக்குள்ள உக்கார வைக்க எடமும் இல்லையாம். வண்டி கேட்டு ரெண்டு வருஷமா எழுதிப் போடுறேன், பதிலே வரல. வீட்டுக்காரர் தவறிப்போயிட்டாரு. பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது. பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது வருஷம் கெடக்கு. ஒரே ஒரு தடவ வேகமா ஏறினா ஸ்கூட்டர் கிடைக்கும்னா, முட்டி உடைஞ்சாலும் ஏறிடுவேன் சார்."

எங்கள் நிகழ்ச்சியை ஒருவர் இவ்வளவு மதித்துப் பேசியது அதுவே முதல் தடவை. விதிப்புத்தகத்தில் ஒரு பிரதியை எடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு, அன்றைய பட்டுவாடாவுக்குப் போய்விட்டார்.

மலையேற்ற நாள் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் கூடினோம். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முழங்கால் வரை கம்பளிக் காலுறை, கம்பளிக் கோட்டு, தட்டைத் தொப்பி. எல்லாம் பழைய பாணி. மீசைக்கு மெழுகு தடவி முறுக்கியிருந்தோம். மீசை வளராத பொருளாளர் ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். சிறப்பு விருந்தினராகத் தபால் அதிகாரி வந்திருந்தார். தபால்காரம்மாவின் மேலதிகாரி அவர்தான். அவருக்கு ஒரு கௌரவத் தொப்பி அணிவித்தோம். தலைக்குச் சிறியதாக இருந்தாலும் கடைசிவரை கழற்றவில்லை.

ஏழு ஐந்துக்குத் தபால்காரம்மா வந்தார். நாங்கள் திகைத்துப்போனோம்.

சைக்கிள் பளபளவென்று மின்னியது. மட்கார்டில் புதுக் கருப்புப் பெயிண்ட். சங்கிலியில் எண்ணெய். சக்கரக் கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைத்திருக்கிறார். மூன்று அடுக்குத் துருவும் போன இடம் தெரியவில்லை. ஆய்வாளர் பக்கத்திலிருந்த கைகாட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கா சார்?" என்று தபால்காரம்மா என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கேட்டார். "நாலு நாளா சாயங்காலம் சாயங்காலம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். பொண்ணுதான் பெயிண்ட் அடிச்சா. அன்னைக்கு இந்த சார் எல்லார் முன்னாடியும் துரு துருன்னு சொன்னாரா, எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. பெரியவங்க கூட வர்றோம், அசிங்கமா இருக்கக் கூடாது இல்லையா?"

என்ன சொல்வது? நூறு மதிப்பெண்ணில் துருவுக்கு மட்டும் நாற்பது. உதிரிபாகங்களின் அசல்தன்மைக்கு முப்பது. உடைக்கு இருபது. நேரத்துக்குப் பத்து. விதிப்புத்தகம், பக்கம் இருபத்திரண்டு. போட்டி தொடங்கும் நேரத்தில் ஒருவருடைய மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்பது எங்கள் பண்பாடு. அதனால் சொல்லவில்லை.

"சொல்லிடலாமா தலைவரே?" என்று காதோடு கேட்டேன்.

"எதுக்குய்யா? போட்டோல ஒரு உழைப்பாளி இருந்தா நல்லாருக்கும். ஏறட்டும்."

தபால் அதிகாரி கொடியசைத்தார். புறப்பட்டோம். முந்நூறு மீட்டர் சமதளத்தில் நாங்கள் சென்ற கம்பீரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பதினொரு வண்டிகளும் பதினொரு விதமாகக் கிறீச்சிட்டன. அதன்பின் ஏற்றம் தொடங்கியது. விதி பதினான்கு நடைமுறைக்கு வந்தது.

விதி பதினான்கு இதுதான்: ஏற்றமான பகுதிகளில் பாரம்பரிய வண்டிகள் தேய்மானம் அடையாதிருக்கும் பொருட்டு, அவை "பாதுகாப்பு ஊர்தி"யில் ஏற்றிச் செல்லப்படும். வண்டியைத் தனியே விடுவது அதன் மாண்புக்கு இழுக்கு என்பதால், உரிமையாளரும் உடன் ஏறிக்கொள்ள வேண்டும். மலைச்சாலையில் முதல் முந்நூறு மீட்டரையும் கடைசி இருநூறு மீட்டரையும் தவிர மற்ற எல்லாமே ஏற்றம்தான். அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? மலை அப்படி அமைந்திருக்கிறது.

விதிப்புத்தகத்தைப் படிக்காத தபால்காரம்மா மட்டும் மிதித்தே வந்தார். எங்கள் வேனில் குளிர்சாதனம் இருந்தது. நான் என் வண்டியின் சீட்டில் ஒரு கையை வைத்தபடி ஜன்னல் வழியே இயற்கையைப் பருகிக்கொண்டு போனேன். பள்ளத்தாக்கில் மேகம் படுத்துக் கிடந்தது. பாறை இடுக்கில் ஓர் ஓடை விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் வேனை நிறுத்தினோம். பதினொரு வண்டிகளையும் இறக்கி, ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்து, மலையேறுவதுபோல் படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் வேனில் ஏற்றினோம். பதினேழு வளைவு, பதினேழு தடவை. இதில் இருக்கும் உழைப்பு வெளியே யாருக்குத் தெரிகிறது? எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஐந்தாம் வளைவில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது தபால்காரம்மா பின்னாலிருந்து வந்து சேர்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"வண்டி ரிப்பேரா சார்? கை குடுக்கட்டுமா?"

"இல்லம்மா. ரசிக்கிறோம்."

"ரசிங்க சார்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். ஒன்பதாம் வளைவில் ஒரு வீட்டு வாசலில் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அவருக்கு வேலை நாள். போட்டியிலும் கலந்துகொண்டு தபாலையும் கொடுத்துக்கொண்டு போனார். போட்டியின் புனிதத்தை இப்படிக் கலப்படம் செய்யலாமா என்று பொருளாளர் வருத்தப்பட்டார். அப்போது அவருடைய மீசை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் வளைவு மகா செங்குத்து. அங்கே தபால்காரம்மா இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை முட்டியில். பத்து அடிக்கு ஒருமுறை நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டார். எங்களைப் போலப் படத்துக்காக இல்லை. வேன் அவரைக் கடந்தபோது அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சங்கடமாக இருந்தது, மறைப்பானேன். ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவர் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா செயலாளரே, தள்ளுறாங்க. விதிமீறல்."

"தள்ளக் கூடாதுன்னு விதி இல்லையே தலைவரே."

"இல்லன்னா சேத்துக்கோங்க."

விதி இருபத்தெட்டு ஓடும் வேனிலேயே நிறைவேறியது. பதினாறாம் வளைவில் நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மறுபடியும் எங்களைத் தாண்டிப் போனார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு வாங்கியது.

உச்சிக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது வேனை ஒரு பாறை மறைவில் நிறுத்தினோம். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வண்டிகளில் ஏறினோம். தலைவருடைய வண்டிச் சங்கிலி சுற்ற மறுத்தது. துரு முழுமையாகக் கைகூடியிருந்தது. அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ள, நான் பின்னாலிருந்து தள்ளினேன். விதி இருபத்தெட்டு இடிக்குமே என்று நினைக்காதீர்கள். "துணை நிற்றல்" தள்ளுதல் ஆகாது என்று இருபத்தெட்டு-அ பிரிவை அங்கேயே சேர்த்துவிட்டேன்.

உச்சியில் மேல்குடியிருப்பு மக்கள் நூறு பேர் கூடியிருந்தார்கள். தபால்காரம்மா வந்து முப்பது நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் அங்கிருந்த எல்லா வீட்டுக்கும் தபால் கொடுத்து, தபால் பெட்டியையும் திறந்து காலி செய்துவிட்டு, ஒரு கல்லின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு முட்டியும் பூசணிக்காய்போல வீங்கியிருந்தன. ஆனால் முகத்தில் அவ்வளவு சிரிப்பு. மகளுக்குப் போன் போட்டு, "நான்தான்டி மொதல்ல! சத்தியமா! ஆமா, ஸ்கூட்டர் இங்கதான் நிக்குது, நீல கலரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்து சேர்ந்ததும் எழுந்து நின்று எங்களுக்காகக் கை தட்டினார்.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு நான் ஒலிபெருக்கியில் முடிவை வாசித்தேன். தலைவர்: துரு நாற்பது, அசல்தன்மை முப்பது, உடை இருபது, நேரம் ஒன்று. மொத்தம் தொண்ணூற்றொன்று. தபால்காரம்மா: துரு பூஜ்யம். டயர், சங்கிலி, பிரேக் கட்டை, பெடல் எல்லாம் பலமுறை மாற்றப்பட்டவை என்பதால் அசல்தன்மை நான்கு. உடை, பணிச்சீருடை என்பதால் மூன்று. நேரம், பத்துக்குப் பத்து. மொத்தம் பதினேழு.

யாரும் கை தட்டவில்லை. தபால்காரம்மா என் பக்கத்தில் வந்தார்.

"சார், நான்தானே மொதல்ல வந்தேன்?"

"ஆமாம்மா. அதுக்குத்தான் பத்து போட்டிருக்கோமே. முழு மார்க்!"

"துரு இருந்தா மார்க்கா சார்? நெஜமாவே துருவுக்கா?"

"பக்கம் இருபத்திரண்டும்மா."

"காலைல பாத்தீங்களே சார். அப்பவே சொல்லியிருந்தா இந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஏறியே இருக்க மாட்டேனே." அவர் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார். "டயர் தேஞ்சா மாத்தாம எப்படி சார் ஓட்டுறது? பிரேக் கட்டை இல்லாம எப்படி சார் எறங்குறது?"

தொழில்நுட்பக் கேள்விகளுக்கு ஆய்வாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். கூட்டத்தில் நாலைந்து பேர் முறைத்தார்கள். ஒருவர் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். நிலைமையின் நுட்பத்தை உணர்ந்த தலைவர் ஒலிபெருக்கியை வாங்கினார். எப்பேர்ப்பட்ட பேச்சு! பரிசு ஒரு சாதாரணப் பொருள், அதைவிடப் பெரிய கௌரவம் ஒன்றை இந்தச் சகோதரிக்குத் தரப்போகிறோம் என்றார். அறுபத்தெட்டு வயதான அந்தச் சைக்கிளைப் பேரவையே ஏற்றுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நல்லபடியாக ஓய்வு கொடுத்து, இழந்த துருவை மீட்டுத் தரும் என்று அறிவித்தார். தபால் அதிகாரி கௌரவத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அரசுப் பொருளான அந்தச் சைக்கிளை மனப்பூர்வமாக ஒப்படைப்பதாகச் சொன்னார். அவரும் ஒரு பழமை விரும்பி என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"சார், அப்ப திங்கக்கிழமை தபால எதுல கொண்டுபோறது?" என்று தபால்காரம்மா அவரைக் கேட்டார்.

"மேலிடத்துக்கு எழுதுறேன்மா."

"என்னன்னு சார்?"

"இதே கேள்வியத்தான்."

சைக்கிளை வேனில் ஏற்றினோம். தபால்காரம்மா அதன் சீட்டை ஒருமுறை தொட்டார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். வேனில் அவருக்கும் இடம் கொடுத்திருப்போம். பன்னிரண்டு சைக்கிள் ஏற்றியபின் இடம் இல்லை.

இப்போது அந்தச் சைக்கிள் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. கீழே ஈரச் சாக்கு விரித்திருக்கிறோம். உப்புத் தண்ணீர் தெளிப்பதற்கு முறைவைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டே மாதத்தில் மட்கார்டில் முதல் அடுக்கு வந்துவிட்டது. ஆய்வாளர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். நீல ஸ்கூட்டர் தலைவர் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அவர் அதை ஓட்டுவதில்லை. இன்னும் ஐம்பது ஆண்டுகளில் அதுவும் பாரம்பரியச் சின்னம் ஆகிவிடும் என்று இப்போதிலிருந்தே ஈரத்தில் வைத்திருக்கிறார். அவரிடம் இரண்டு கார்கள் உள்ளதால் சிரமம் ஒன்றும் இல்லை. தொலைநோக்கு என்றால் இதுதான்.

தபால்காரம்மாவையும் நாங்கள் மறந்துவிடவில்லை. அவர் வாரத்தில் மூன்று நாள் அந்த மலையை நடந்தே ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்டோம். நெஞ்சம் நெகிழ்ந்தது. இந்த அவசர யுகத்தில் காலால் நடந்து தபால் கொடுக்கும் ஒருவர்! இதைவிடப் பழமை உண்டா? உடனே செயற்குழுவைக் கூட்டி, அவருக்கு "நடைச் செம்மல்" என்ற பட்டம் அளிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். கெட்டிக் காகிதத்தில் பொன் எழுத்தில் சான்றிதழ் அச்சடித்து, அவர் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதினொரு நாளாகியும் அது போய்ச் சேரவில்லை. எனக்கு வந்ததே கோபம்! தபால் அதிகாரிக்குப் போன் செய்து ஒரு பிடி பிடித்தேன்.

"போய்க் குடுக்க ஆள் இல்ல சார்" என்றார் அவர். "அந்தப் பக்கம் பட்டுவாடா பண்ற ஆள் இப்ப வர்றதில்ல."

"யார் அந்த ஆள்?"

"உங்க கவர் மேல யார் பேர் போட்டிருக்கீங்களோ, அவங்கதான் சார். நடக்க முடியாமப் படுத்துட்டாங்க. இனிமே திரும்பி வர மாட்டாங்க. மலைச் சுத்துக்கு ஆகாதுன்னு மேல எழுதியாச்சு. அந்தக் கடுதாசிக்கு மட்டும் மறுநாளே பதில் வந்துருச்சு. வேலைய விட்டு எடுத்துட்டாங்க."

ஒரு குடிமகனாக நான் சும்மா இருக்க முடியுமா? இப்படி ஆளில்லாமல் ஒரு துறையை நடத்தினால் நாடு எப்படி உருப்படும்? தபால் நிலையத்துக்கே போய்ப் புகார்ப் படிவம் ஒன்றை வாங்கிவந்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். தபாலின் வகை: பதிவு. அனுப்பிய நாள், சேர வேண்டிய நாள். எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. "தாமதத்துக்குக் காரணமானவரின் பெயர், பதவி" என்று கேட்டிருந்தது.

"என்ன, அப்படியே உக்காந்துட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டு மனைவி வந்தாள்.

"இதுல யார் பேரப் போடுறதுன்னு தெரியல. தபால் அதிகாரி பேரப் போடலாம்னா அவர் நம்ம கௌரவ உறுப்பினர். அந்தம்மா பேரப் போடலாம்னா, அவங்களுக்கே வர வேண்டிய தபால்."

அவள் படிவத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. "நேத்து அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பொண்ணு படிப்ப நிறுத்திட்டு ஒரு துணிக்கடைல நிக்குது" என்றாள். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஏழாவது கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

திருப்பி வாங்கிப் பார்த்தேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பதவி என்ற இடத்தில் "செயலாளர்" என்று இருந்தது. ஆய்வாளரைப் போல நானும் வெகுநேரம் உற்றுப் பார்த்தேன். பிழை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.